காற்றுத் துளையில் ஒரு நீலத் துணி

தையல்காரிக்கு வாய்த்த வீடு ஒரு படகு. அவள் புருஷனும் அவன் அண்ணனும் கால்வாயில் சரக்கு ஏற்றிப் போகிறவர்கள். ஒரே தச்சர் செய்துகொடுத்த இரண்டு படகுகள். ஒன்றில் மூத்த மருமகள், பக்கத்தில் கட்டியிருப்பதில் இளையவளான இவள். மாமியாருக்குக் கரையில் ஒரு அறை உண்டு. பனிக்காலம் வந்தால் மட்டும் ஒரு மகனின் படகுக்கு வந்துவிடுவாள். மூன்று வருஷமாக மூத்தவளின் படகுக்குத்தான் போகிறாள்.

தையல்காரி தாயில்லாமல் வளர்ந்தவள். கல்யாணமான புதிதில் மாமியார்தான் தினமும் அவளுக்குத் தலை வாரிவிட்டாள். இப்போது அந்தச் சீப்பு மூத்தவள் படகில் இருந்தது. நினைத்தாலே வயிறு எரியும்.

"உன் படகுல படுத்தா மீன் தொட்டியில படுத்த மாதிரி இருக்குடி," என்பாள் மாமியார்.

பொய்யில்லை. விடிந்தால் ஜன்னல் கண்ணாடியெல்லாம் அழுதுகொண்டிருக்கும், மெத்தையின் அடி நனைந்திருக்கும், தீக்குச்சி பற்றாது. இத்தனைக்கும் ஊர்ப் படகுகளுக்கெல்லாம் கூரைத் துணி தைப்பவள் அவள். ஊசி முனை அளவு இடுக்கைக்கூட விடாமல் அடைத்திருந்தாள். கூரையில் இருந்த காற்றுத் துளைக்கும் துணியில் ஒரு தொப்பி தைத்து மாட்டியிருந்தாள். போதாததற்கு, சூட்டுக்காக ராத்திரி முழுக்க அடுப்பில் வெந்நீர் கொதித்தது.

மூத்தவள் படகிலோ கண்ணாடி துடைத்து வைத்தது போல இருந்தது.

"அப்படி என்னதான் பண்றீங்க அக்கா?"

"நான் ஒண்ணும் பண்றதில்லையே."

அந்த 'ஒண்ணும்'தான் இவளை ஒரு வாரம் தூங்க விடவில்லை. இரண்டு படகையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரே ஒரு வித்தியாசம்தான் கண்ணில் பட்டது. மூத்தவளின் கூரைத் துளையும் கதவுக்குக் கீழே உள்ள துளையும் திறந்தே கிடந்தன. அதுவும் அவளுக்கு இல்லாமல் போகட்டும் என்று, ஒரு மாலை மூத்தவளும் மாமியாரும் கடைக்குப் போன நேரம் பார்த்து, தைக்க வைத்திருந்த ஒரு நீலத் துணியை இரண்டாகக் கிழித்து இரண்டிலும் திணித்துவிட்டாள்.

காலையில் எட்டிப் பார்த்தாள். மூத்தவளின் கண்ணாடியும் அழுதது. சந்தோஷம் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. உள்ளே மாமியார் இருமுகிற சத்தம் கேட்டது. விடாத இருமல்.

கொஞ்ச நேரத்தில் மூத்தவள் துணியோடு வந்து நின்றாள்.

"இது உன் துணிதானே?"

"காத்துல பறந்து வந்திருக்கும் அக்கா."

"பறந்து வந்து, நாலா மடிஞ்சு, தானே உள்ள நுழைஞ்சுதாக்கும்."

துணியோடு திரும்பிப் போய்விட்டாள். மாமியாரிடமும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது தையல்காரிக்கு.

அன்றைக்கே கத்தரியை எடுத்துத் தன் கூரைத் துளையின் தொப்பியைப் பிரித்தாள். கதவின் கீழ்த் துளையையும் திறந்தாள். ஈரத் துணிகள் வெளித்தளத்துக்குப் போயின. சமையல் பானைக்கு மூடி வந்தது, படுக்கும்போது அடுப்பு அணைந்தது. மெத்தைக்கு அடியில் காற்று ஓடட்டும் என்று மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடுக்கினாள்.

"ஊருக்கெல்லாம் கூரை தைக்கிறா. கட்டினவன் குளிர்ல நடுங்குறான்," என்றான் புருஷன்.

"இன்னொரு போர்வை தரேன். வாயை மூடிக்கிட்டுப் படுங்க."

"ஓ, வாயை மட்டும் மூடணுமா?"

முதல் காலை, கண்ணாடி ஓரத்தில் மட்டும் மெல்லிய ஈரம். மூன்றாம் காலை அதுவும் இல்லை. இருமல் தணிந்த மாமியாரை ஓர் இரவு தங்கக் கூட்டிவந்தாள்.

மாமியார் விடிந்ததும் கண்ணாடியில் விரலை ஓட்டி, விரலைப் பார்த்தாள்.

"மூத்தவ சொல்லிக்கொடுத்தாளா?"

"யாரும் சொல்லலை அத்தை. நானே கண்டுபிடிச்சேன்."

"ஆமா அத்தை, அவளேதான் கண்டுபிடிச்சா," என்று பக்கத்துப் படகிலிருந்து குரல் வந்தது. அந்தப் பெருந்தன்மை இவள் வயிற்றில் இன்னொரு கரண்டி நெருப்பை அள்ளிப் போட்டது.

"சரி, இங்கேயே இருக்கேன். என் சீப்பு அங்க இருக்கு, வாங்கிட்டு வா."

மூத்தவள் சீப்பை அந்த நீலத் துணியில் சுற்றி நீட்டினாள். துணி துவைத்து மடித்திருந்தது. தையல்காரி பிடித்து இழுத்தாள், வரவில்லை. மூத்தவளின் விரல்கள் இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தன. நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் இருந்த ஏக்கம், தன் முகத்தையே கண்ணாடியில் பார்ப்பது போலிருந்தது.

"விடுங்க அக்கா," என்றாள், மூன்று வருஷத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் அன்போடு.