குண்டூசிகளைப் பிடுங்கியவர்

எழுபதுகளில் மெல்பர்னில் நான் தங்கியிருந்த விடுதிக் கூடத்தில் ஓர் உலக வரைபடம் தொங்கியது. அங்கே குடியிருந்த நாங்கள் அவரவர் ஊரில் குண்டூசி குத்தி வைத்திருந்தோம். மாடியறை ஜெர்மன்காரர், எழுபதைக் கடந்த நெடிய மனிதர், எப்போது இறங்கி வந்தாலும் ஓர் ஊசியைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார். யாழ்ப்பாணத்தில் நான் குத்தியிருந்த ஊசியும் போனபோது கோபம் வந்துவிட்டது.

"அது என்ர ஊர். ஏன் கழட்டினீங்கள்?" என்றேன்.

அவர் ஆங்கிலத்தில் சொன்ன பதில் என் யாழ்ப்பாணப் பேச்சாகவே நினைவில் தங்கிவிட்டது.

"முதலாம் உலக யுத்தத்தில எங்கட ஊரில அகண்ட ஜெர்மனி கேட்ட சங்கம் ஒண்டு இருந்தது. தலைவர் என்ர பள்ளிக்கூட மாஸ்டர். பெல்ஜியம் வேணும், போலந்து வேணும் எண்டு வரைபடத்தில ஊசி குத்துவார். நாங்கள் கை தட்டுவம். சமாதானம் கதைச்சவையைத் துரோகி எண்டார். அவரை நம்பித்தான் அண்ணன் சண்டைக்குப் போனவன்."

"மாஸ்டர் போகேல்லையோ?"

"இல்லை. அண்ணன் செத்த சேதி வந்த அண்டைக்கு வீட்டை வந்து, அம்மாவின்ர கையைப் பிடிச்சு அழுதவர். பின்னேரம் கூட்டத்தில அடுத்த ஊசியைக் குத்தினவர்."

என் ஊசியை மேசையில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். அது என் ஊர்தான். ஆனாலும் மறுபடி குத்த எனக்குக் கை வரவில்லை.