செல்வராஜ் அண்ணன் ஏன் பட்டியலில் இல்லை?

"சிஸ்டரு ஏன் மக்கா இப்பம் வாறதில்ல? நாங்க என்ன தப்பு செய்தோம்?"

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம். பாறசாலை ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறங்கி வெளியே வருகிறேன், வழிமறித்துக் கேட்டார் லீலா அக்கா. கொல்லயிலில் எங்கள் வீட்டுக்கு நாலு வளைவு தள்ளி, தென்னந்தோப்புக்குள் இருப்பவர். அவருடைய அண்ணன் செல்வராஜ் தென்னையிலிருந்து விழுந்து, ஆறு வருஷமாகப் படுக்கையில் இருக்கிறார். சிறுநீர் போக டியூப் போட்டிருக்கிறது. மாதம் ஒருமுறை அதை மாற்றியே ஆக வேண்டும். படுக்கையில் இருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் பாலியேட்டிவ் நர்ஸ் வந்து மாற்றிவிட்டுப் போவார்.

"எப்பம் தொட்டு வரல்ல அக்கா?"

"ரெண்டு மாசம் தாண்டியாச்சு. நேத்தைக்கு தொட்டு பனியும் காய்ச்சலும் உண்டு, மேலு தீயா சுடுது. சிஸ்டருக்கு நம்மள புடிக்கல்ல போலன்னு அண்ணன் சொல்லுதான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எந்த வீட்டுக்கு எப்போது போக வேண்டும் என்று நர்ஸுக்குச் சொல்வது ஒரு ஆப். அந்த ஆப்பை எழுதியது... நான்தான்!

இந்தப் பத்தியிலேயே முன்பு அதைப் பற்றிப் பீற்றிக்கொண்டேனே, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் பக்கத்து வாலன்டியர்கள் நோயாளிகளின் விவரம் எழுதி வைத்திருந்த கிழிந்த நோட்டை கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன் என்று. நீங்களும் பாராட்டி மெயில் போட்டீர்கள். நானும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

அங்கேயே நின்று நர்ஸ் ஷைனிக்குப் போன் போட்டேன்.

"செல்வராஜா? அப்படி ஒரு பேரே எனக்க லிஸ்ட்ல இல்லல்லோ சேச்சி!"

ஷைனி புதுசு. முன்பு இருந்த நர்ஸ் உள்ளூர்க்காரர், பட்டியலைப் பார்க்காமலே எல்லா வீட்டுக்கும் போய்விடுவார். இரண்டு மாதத்துக்கு முன்பு அவர் மாற்றலாகிப் போன பிறகுதான் ஆப் சொல்வது வேதவாக்கு ஆனது.

வீட்டுக்கு ஓடினேன். செருப்பைக் கூடக் கழற்றாமல் லேப்டாப்பைத் திறந்து டேட்டாபேஸில் தேடினால்... இருக்கிறார்! பெயர், வயது, டியூப் மாற்ற வேண்டிய தேதி, எல்லாம் பத்திரமாக இருக்கிறது. பிறகு ஷைனியின் போனில் மட்டும் ஏன் இல்லை?

இப்போது கொஞ்சம் டெக்னிக்கல் — ஓடிவிடாதீர்கள். வீட்டுப் பெயர், வீட்டு நம்பர், போன் நம்பர் மூன்றையும் சேர்த்து 'முகவரி' என்று ஒரே கட்டத்தில் வைத்திருந்தேன். டிபன் கேரியர் மாதிரி, ஒரே பிடியில் மூன்று கிண்ணம். டேட்டாபேஸுக்கு இந்த அடுக்கு புரியும். ஆப் எழுதும் மொழிக்கு அப்படியே கொடுத்தால் புரியாது. நடுவில் ஒரு ரெடிமேட் புரோகிராம் உட்கார்ந்து, கேரியரைக் கழற்றி, தனக்குத் தெரிந்த விதத்தில் மறுபடி அடுக்கிக் கொடுக்கும். எல்லோரும் செய்வதுதான், நானும் செய்தேன்.

அந்தப் புரோகிராமுக்கு ஒரு பழக்கம் உண்டு. மூன்று கிண்ணமும் காலியா? அப்படியானால் கேரியரே இல்லை என்று கையை விரித்துவிடும்.

அதற்கு அடுத்த வரி என் கைவண்ணம். முகவரி இல்லையென்றால் அந்த ஆளைப் பட்டியலில் சேர்க்காதே! சும்மா சோதித்துப் பார்க்க நானே போட்ட வெற்றுப் பதிவுகளால் ஆப் அடிக்கடி நின்றுபோனது. எரிச்சலில் இந்த வரியை எழுதினேன். ஆப் ஜோராக ஓடியது.

செல்வராஜ் அண்ணனுக்கு மூன்றுமே காலி. தோப்புக்காரர் இருக்கச் சொன்ன இடத்தில் ஒரு தகர வீடு. அதற்கு நம்பர் கிடையாது, வீட்டில் போனும் கிடையாது. எங்கள் ஊர்களில் ஆளைவிட வீட்டுப் பெயருக்குத்தான் மவுசு. கல்யாணக் கார்டிலிருந்து கல்லறை வரைக்கும் அது இல்லாமல் நடக்காது. தகரக் கொட்டகைக்கு யார் பெயர் வைப்பார்கள்?

ஆப் ஒருமுறையாவது எரர் காட்டியிருந்தால் பிடித்திருப்பேன். காட்டவில்லையே! இரண்டு மாதம் சத்தமே இல்லாமல் ஒரு மனுஷரை விலக்கி வைத்திருக்கிறது.

மறுபடி கூப்பிட்ட அரை மணி நேரத்தில் ஷைனி ஸ்கூட்டரில் வந்துவிட்டார். இருவரும் போனோம். டியூப் பாதி அடைத்திருந்தது. ஷைனி அதை மாற்றினார், டாக்டருக்குப் போன் செய்து கேட்டு மாத்திரை கொடுத்தார். வெளியே வந்து கை கழுவும்போது சொன்னார்.

"இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா இன்ஃபெக்ஷன் கிட்னியில கேறியிருக்கும் சேச்சி."

உள்ளே போய் உண்மையைச் சொன்னேன். "அண்ணா, சிஸ்டர் மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு எனக்காக்கும். வீட்டுப் பேரும் போனும் இல்லாததுனால கம்ப்யூட்டர்ல உங்க பேரு விட்டுப்போச்சு."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நிம்மதியாகச் சிரித்தார். "அவ்வளவுதானா? சிஸ்டருக்கு நம்மகிட்ட கோவம் ஒண்ணும் இல்ல, இல்லியா?"

லீலா அக்காதான் விடவில்லை.

"போன கிறிஸ்மஸுக்கு கேக்கு கொண்டு வந்தியே மக்கா... அப்பம் எந்த அட்ரஸ பாத்து வந்த?"

நீங்களே சொல்லுங்கள், அட்ரஸைப் பார்த்தா போனேன்?

அன்று சாயங்காலமே அந்த வரியை அழித்தேன். அழித்தவுடன் பட்டியலில் மூன்று பேர் கூடினார்கள். ஒருவர் செல்வராஜ் அண்ணன். மற்ற இரண்டு பேர் யாரென்றே எனக்குத் தெரியாது. ஷைனி மறுநாள் காலையிலேயே விசாரித்துக்கொண்டு போனார். கிடைத்துவிட்டார்கள், உயிரோடு இருக்கிறார்கள்.

சிஸ்டர் ஏன் வரவில்லை என்று அவர்கள் இருவரும் யாரிடமும் கேட்கவே இல்லையாம்.