நெம்புகோலில் தொங்கிய சாமந்தி

தீக்குச்சிப் பருமன் கம்பி. டைட்டானியம், உள்ளே பீங்கான் இழைகள் பதித்தது. அம்பத்தூரில் ஒரு ஷெட்டின் மூலையில், சிவந்து கனன்ற உலைக்குள் அதை மாட்டி, எடைக்கற்களைத் தொங்கவிட்டு, பத்தொன்பது நாளாகக் காவலிருந்தேன். சூட்டில் உலோகம் இளகி நீளப் பார்க்கும், இழைகள் விடாமல் பிடிக்கும். எத்தனை நாள் பிடிக்கும்? அந்த விடையை நம்பித்தான் என் தற்காலிக வேலை நீண்டுகொண்டிருந்தது. இன்னொரு கம்பி இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம், ஆயுத பூஜை நாள். எல்லா மெஷினும் ஓய்ந்துவிட்டது. என் உலையை மட்டும் அணைக்காதீர்கள் என்று கெஞ்சி வைத்திருந்தேன். அணைக்கவில்லை. டீ குடித்துவிட்டுத் திரும்பினால், எடை தொங்கும் நெம்புகோலின் நுனியில் தொடைப் பருமனுக்குச் சாமந்தி மாலை. ஈரம் சொட்டுகிறது. அந்த நுனியில் ஒரு கிலோ வைத்தால் கம்பியை இருபது கிலோ பாரமாய் இழுக்கும்.

நீட்சி காட்டும் முள் ஓடிக்கொண்டிருந்தது.

பாய்ந்தேன்.

"தொடாத சார்!" சேக்காட்டிலிருந்து வரும் ஃபிட்டர் அண்ணன். ஞாயிறு தவறாமல் சர்ச். ஆயுத பூஜை என்றால் எங்கள் எல்லோரையும்விடப் பக்தி. "பூஜைல போட்டது, நாளைக்கு காலைலதான் கயட்டணும். அல்லா மெஷினுக்கும் போட்டேன். உன்து மட்டும் அனாதையாட்டம் நின்னுகினு கீது, பாவமா இருக்காது?"

"அண்ணே, கம்பி அறுந்துடும்ணே."

"பூவுக்கா? இன்னா சார், கலாய்க்கிறியா?"

கழற்றாமல், இரண்டு கையாலும் மாலையை ஏந்திப் பிடித்தபடி நின்றேன், மணவறை மாப்பிள்ளை மாதிரி. சிரித்தவர் என் முகத்தைப் பார்த்ததும் ஓடிப்போய் ஒரு ஸ்டூலைத் தூக்கிவந்து மாலைக்கு அடியில் போட்டார். பாரம் இறங்கியது. முள் நிற்கவில்லை.

"அதான் தூக்கியாச்சே சார், இன்னும் இன்னாத்துக்கு ஓடுது?"

கம்பிக்குள்ளே சில இழைகள் அறுந்துவிட்டிருந்தன. அவற்றின் சுமையும் மற்றவற்றின் தலையில்; அவையும் ஒவ்வொன்றாய்ப் போகும். எடைக்கல்லை இறக்கினால் பத்தொன்பது நாள் சோதனை போச்சு, இறக்காவிட்டால் கம்பி போகும். இறக்க மனம் வரவில்லை. கை எதற்கு, கால் எதற்கு, எனக்கு அன்று கண் மட்டும்தான் இருந்தது. இருவரும் தரையில் உட்கார்ந்து அந்த முள்ளையே பார்த்தோம். அவர் மெல்லச் சிலுவை போட்டுக்கொண்டார்.

மதியம், பொரி பங்கிடும் நேரம், கம்பி அறுந்து, எடைக்கற்கள் தொப்பென்று அடியில் வைத்திருந்த மணல் பெட்டியில் விழுந்தன.

"என்னாலயா சார்?"

அவர் கையிலிருந்த பொரியை வாங்கி வாய் நிறைய அடைத்துக்கொண்டேன், பேச முடியாதபடிக்கு.