மிச்ச வெயிலில் பிரேமனுக்கு

கேஷே ஹார்ம்ஸ் சொன்ன சொல்லை விடாதவள். ஜெர்மனியில் லேயர் ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில் வீடு வீடாகப் போய் முதியவர்களுக்குக் கட்டு மாற்றி, மருந்து கொடுத்துவரும் செவிலி. வயது ஐம்பத்தெட்டு. போன வருஷம் மே முதல் தேதி, கூரையில் சோலார் தகடுகள் ஏறிய அன்றே கணவர் ட்யார்க்கிடம் அறிவித்துவிட்டாள்.

"ஒரு வருஷத்துக்கு என் காருக்கு வெளிக் கரண்ட் கிடையாது. வீட்டுச் செலவு போகக் கூரையில மிஞ்சறது மட்டும்தான்."

"டிசம்பர் வரட்டும், பாக்கலாம்" என்று சிரித்தார் ட்யார்க்.

டிசம்பரும் வந்தது. வாரத்தில் நாலு நாள் கார் கொட்டகையில் தூங்க, கேஷே மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்தாள். எதிர்வீட்டு ஹாப்போ ஜன்னலைத் திறந்து கத்துவார்.

"என்ன கேஷே, சூரியன் லீவா?"

"லீவு இல்ல ஹாப்போ, தூங்குது. உன்ன மாதிரியே!"

அவளும் தாக்குப்பிடித்துவிட்டாள். வருஷம் முடிய இன்னும் ஆறே நாள் இருக்கையில், காலை ஒன்பது மணிக்கு ஃபோன் வந்தது. பிரேமன் நகரில் இருக்கும் மகள் ஃபென்னாவுக்கு விடியற்காலையில் பெண் குழந்தை. இரண்டு வாரம் முந்திப் பிறந்துவிட்டது. இருவரும் நலம்.

கேஷே சமையலறையில் குதித்தாள். அப்புறம் ஓடிப்போய்க் காரைப் பார்த்தாள். முந்தைய நாள் அலைச்சலில் பேட்டரி ஒன்பது சதவீதத்துக்கு வந்திருந்தது. பிரேமன் போகக் குறைந்தது நாற்பத்தைந்து வேண்டும்.

வெளியே நல்ல வெயில். சார்ஜ் போட்டாள். வீடு எடுத்தது போக மிஞ்சும் கரண்ட்டை மட்டுமே காருக்கு அனுப்பும் பெட்டி அது. ஆகவே வீட்டுக்குள் புகுந்து ஒவ்வொன்றாக அணைத்தாள். துணி துவைக்கும் இயந்திரம், டிவி, கடைசியில் ட்யார்க் ருபார்ப் கேக் வைத்திருந்த கரண்ட் அடுப்பு.

"ஏய், என் கேக்!"

"கேக் நாளைக்கும் வேகும். பேத்தி இன்னிக்குத்தான் பொறந்திருக்கா!"

பதினெட்டு. இருபத்துநாலு. மேகம் ஒன்று குறுக்கிட்டால் எண் நின்றுவிடும். இருவரும் முற்றத்தில் நின்று அந்த மேகத்தைத் திட்டுவார்கள். ஒரு மணிக்கு முப்பத்தொன்று. அதோடு சரி. அவர்கள் கூரை கிழக்குப் பார்த்தது. வெயில் மறுபக்கம் சாய்ந்ததும் பெட்டியின் விளக்கு அணைந்துபோனது.

"முழு வேகப் பட்டனை அழுத்தி வெளிக் கரண்ட்ட எடுத்துத் தொலையேன்" என்றார் ட்யார்க். "யாரு கேக்கப் போறா?"

கேஷே பட்டன்மேல் விரலை வைத்தாள். முந்நூற்று ஐம்பத்தொன்பது நாள். டிசம்பர் மழை முழுவதும் ஒரு நொடியில் முகத்தில் அடித்தது. பிறகு குழந்தை நினைவு வந்தது.

"சரி. அழுத்துறேன்."

"கைய எடு!"

வீட்டுச் செருப்போடு தெருவைத் தாண்டி ஓடிவந்தார் ஹாப்போ. "என் கூரைத் தகடு மேற்கு பாத்தது. இப்ப வெயில் மொத்தமும் அங்கதான் கொட்டுது. வீட்ல நான் ஒத்த ஆளு, எல்லாம் வீணாப் போகுது. வண்டிய இந்தப் பக்கம் கொண்டா!"

"நெஜமாவா?"

"கூரைல மிஞ்சறதுன்னுதானே சொன்ன? யாரு கூரைன்னு சொன்னியா?"

கேஷே அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அடுத்த நிமிஷம் கார் எதிர்வீட்டுக் கொட்டகையில், சாதாரணப் பிளக்கில். எண் மெதுவாக, ஆனால் நிற்காமல் ஏறியது. ஹாப்போ தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டிலைக்கூடத் தொடவில்லை. மாலைத் தேநீரை விட்டுக்கொடுப்பது அந்த ஊர்க்காரனுக்குச் சாதாரணம் இல்லை. ட்யார்க் தம் வீட்டுக் காஸ் அடுப்பில் தேநீர் போட்டு, கற்கண்டும் பாலேடும் தட்டில் வைத்துத் தெருவைக் கடந்து எடுத்துவந்தார்.

நாலரை மணிக்கு நாற்பத்தாறு. "ஏறுங்க, ஏறுங்க!" என்று கத்தினாள் கேஷே. அவளும் ட்யார்க்கும் ஏறிக் கதவைச் சாத்துவதற்குள் பின் கதவு திறந்தது. சட்டை மாற்றி, தலைவாரிய ஹாப்போ உள்ளே உட்கார்ந்தார்.

"நீ எங்க?" என்றார் ட்யார்க்.

"என் கரண்ட் போகுதில்ல? நானும் போறேன்."

வழியெல்லாம் ஹாப்போ வேகத்தைக் குறைக்கச் சொல்லி நச்சரித்தார், கேஷேயும் குறைத்துக்கொண்டாள். ஆறு மணி தாண்டி மருத்துவமனை வாசலில் கார் நின்றபோது மூன்று சதவீதம் மிச்சம். திரும்பிப் போவதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள் கேஷே.

அறையில் ஃபென்னா, அம்மாவையும் அப்பாவையும் தாண்டி, வேர்த்த முகத்தோடு நின்ற மூன்றாவது ஆளைப் பார்த்தாள்.

"அம்மா, ஹாப்போ மாமா எதுக்கு?"

"பாதி வழி அவருதான் கூட்டிட்டு வந்தாரு" என்றபடி கேஷே பேத்தியைக் கையில் வாங்கினாள். குழந்தை ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, பெரிதாகக் கொட்டாவி விட்டது.