ஐந்து பேர் இறங்கினார்கள், நாலு பேர் ஏறினார்கள்

நல்ல படம் ஒன்றுக்கு மூன்று மார்க் போட்டேன். தப்பு என்னுடையது.

படத்துக்கு மார்க் போடுவது சம்பளம் இல்லாத வேலை. திட்டு மட்டும் தவறாமல் வரும். எங்கள் சபைக் கூடத்தில் மே மாத விடுமுறை வகுப்பு முடியும்போது பிள்ளைகளுக்கு ஒரு படம் போடுவோம். அதை முன்னாலேயே பார்த்துப் பத்துக்கு மார்க் போட வேண்டியவன் நான். ஐந்துக்குக் கீழே போனால் படம் கிடையாது. பாஸ்டர் வைத்த சட்டம். நான் தங்க வயல் சுரங்கம் மூடுகிறவரை ஷாஃப்ட் குழியின் வாயில் நின்று, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஆள் ஏற்றி இறக்கியவன். கண்டிப்பான ஆள் என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள். பிள்ளைகளுக்குப் படம் பார்த்துச் சொல்லிக் கெட்ட பெயர் வாங்கிய எல்லோரும் இதைப் படியுங்கள். உங்களுக்குத்தான் புரியும்.

குடும்பப் படம்

கார்ட்டூன். அப்பா பெருச்சாளி, அம்மா அணில், தாத்தா ஆமை, மூத்தவள் முயல், கடைக்குட்டி சுண்டெலி. ஐந்தும் தமிழ் பேசும். ஐந்தும் முதுகில் துணி கட்டிக்கொண்டு பறக்கும். ஊரில் யாருக்கு ஆபத்து என்றாலும் சாப்பாட்டைப் பாதியில் விட்டுக் கிளம்பிவிடும்.

பெருச்சாளிக்கும் அணிலுக்கும் முயல் எப்படி மகளாகும் என்று கேட்டேன். படம் ஓட்டியவன் டேவிட். வாரம் முழுக்க பெங்களூருக்கு ரயிலில் போய் வருகிறவன். சனிக்கிழமைதான் கையில் கிடைப்பான். மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினான்.

“இன்னா அங்க்கிள், பறக்கறத ஒத்துக்கறீங்க, பொறந்தத ஒத்துக்க மாட்டேன்றீங்களே!”

புகை

கடைசியில் ஒரு பழைய சுரங்கம். உள்ளே நரிக்குட்டிகள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. பெருச்சாளி ஒரு குத்து விடுகிறது, பாறை வெடிக்கிறது. புகை அடங்கவில்லை, அதற்குள் ஐந்தும் உள்ளே ஓடுகின்றன.

“நில்லுங்கடா!” என்று கத்திவிட்டேன். வெடி வைத்தால் புகை போகிறவரை காத்திருக்க வேண்டும். கம்பியால் மேலே தட்டிப் பார்த்து, கல் தளர்ந்திருக்கிறதா என்று சத்தத்தில் தெரிந்துகொண்டு அப்புறம்தான் காலை வைக்க வேண்டும். ஒருவர் தலையிலும் ஹெல்மெட் இல்லை. இரண்டு மார்க் குறைத்தேன். டீ கொண்டுவந்த பாஸ்டர் என் தாளை எட்டிப் பார்த்தார்.

“ஆமைக்கு எதுக்குங்க ஹெல்மெட்டு? அது உடம்பே ஹெல்மெட்டுதானே!”

கொக்கி

புகைக்காக யாரும் படத்தை நிறுத்தமாட்டார்கள். நான் நிறுத்தியது வேறு காரணத்துக்கு.

எங்கள் காலத்தில் கீழே இறங்குகிறவன் பலகையிலிருந்து தன் டோக்கனை எடுத்துக்கொண்டு போவான். மேலே வந்ததும் அதே கொக்கியில் மாட்டுவான். ஷிப்ட் முடிந்து ஒரு கொக்கி காலியாக இருந்தால் ஒருவன் இன்னும் உள்ளே. அவன் வருகிறவரை வாயில் நிற்கிறவன் வீட்டுக்குப் போகமாட்டான். பழக்கம் விடுமா? படத்திலும் எண்ணினேன். உள்ளே போனது ஐந்து. நரிக்குட்டிகளோடு வெளியே வந்தது பெருச்சாளி, அணில், ஆமை, முயல். நாலு. உடனே மேளம், ஆட்டம், முடிவு.

சுண்டெலி எங்கே? ஒருத்தரும் கேட்கவில்லை. பெற்ற தாயே ஆடுகிறாள். ‘ஒரு ஆள் உள்ளே. மூன்று மார்க்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். டேவிட் அதை வாங்கிப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

“கார்ட்டூனுக்குக் கூடவா அங்க்கிள் ஷிப்ட் ரிப்போர்ட் எழுதுவீங்க?”

கடைத்தெருவில்

பாஸ்டர் நோட்டீஸ் ஒட்டினார்: படம் இல்லை. அந்தப் படம்தான் வரும் என்று நம்பி நாற்பது பிள்ளைகள் வாரம் முழுக்க வகுப்பில் துப்பட்டாவையும் பழைய புடவையையும் வெட்டி முதுகுத்துணி தைத்திருந்தது எனக்குத் தெரியாது.

ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் ஒரு தாயும் மகளும் எதிரே வந்தார்கள். மகளுக்கு ஆறு வயது இருக்கும். கழுத்தில் துண்டு, தலையில் அட்டையில் செய்த முயல் காது. “எப்படி இருக்கீங்க?” என்று அம்மா என்னைக் கேட்டதுதான் தாமதம், அவள் கையைப் பிடித்து இழுத்தது பிள்ளை.

“அம்மா, இந்தத் தாத்தாகூட பேசாத. இவருதான் சூப்பர் ஹீரோவ வேலைலேர்ந்து தூக்கினவரு.”

மறுபடி ஓட்டு

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனாலும் தாளைத் திருத்த மனம் வரவில்லை. உள்ளே ஒருவன் இருக்கும்போது எப்படித் திருத்துவது?

சனிக்கிழமை மத்தியானம், விடுமுறை வகுப்பில் பாப்பாக்களுக்குப் பாடம் எடுக்கிற டீச்சர் வீட்டுக்கு வந்தாள். அவள் அப்பா என் ஷாஃப்டில் வேலை செய்தவர். ஒருநாள் அவர் கொக்கி காலியாகவே இருந்தது. அன்றைக்கு வாயில் நின்றவன் நான். அவளுக்கும் அது தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

திட்டுவாள் என்று நினைத்தேன். ஊரே சிரித்தது, அவள் சிரிக்கவில்லை. அதற்கே நான் நன்றி சொல்ல வேண்டும்.

“எந்த எடத்துல மாமா எண்ணுனீங்க? வாங்க, பாக்கலாம்” என்றாள்.

கூடத்துக்குப் போனோம். வெளியே வருகிற இடத்தை மெதுவாக ஓட்டச் சொன்னாள். டேவிட் ஓட்டினான். போன வாரம் நாலு பேரை எண்ணிய கையோடு குனிந்து நான் பாஸ்டரிடம் டீ டம்ளரைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். நிமிர்ந்தபோது ஆட்டம் ஆரம்பித்துவிட்டது. அவள் எழுந்து போய்த் திரையில் விரல் வைத்தாள். அணிலின் வால் மயிருக்குள் இரண்டு சின்னக் காது. சுண்டெலி தூங்குகிறது. அம்மா சுமந்துகொண்டு வந்திருக்கிறாள்.

அவள் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். எனக்குத் திரை சரியாகத் தெரியவில்லை.

“அஞ்சு. எல்லாரும் ஏறிட்டாங்க மாமா. நீங்க வீட்டுக்குப் போலாம்.”

மறுநாள் படம் ஓடியது, நாற்பது துண்டும் பறந்தது. முப்பது வருஷம் ஆள் எண்ணியவனின் கணக்கைச் சரிபார்க்கப் பாப்பாக்களுக்கு ஒன்று, இரண்டு சொல்லித்தருகிற எஸ்தர்தான் வரவேண்டியிருந்தது.