சித்தி வாங்கிய சான்றிதழ்

நான் நான்காம் வகுப்பு படித்தபோது எங்கள் ஊர் எந்த மாவட்டம் என்பதே எனக்குக் குழப்பம். அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிந்து, திரும்பப் பெரம்பலூரோடு சேர்ந்து, மறுபடியும் பிரிந்திருந்தது. டீச்சர் ஒன்று சொல்வார், புத்தகத்தில் வேறொன்று இருக்கும். இதனால் என்னைவிட அதிகம் அலைந்தவள் என் சித்திதான்.

சித்தி எங்கள் வீட்டிலேயே இருந்தாள். ஏதோ ஒரு சான்றிதழ் கேட்டு மனு கொடுத்திருந்தாள். அது இருந்தால் சத்துணவுக்கூடத்தில் வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அரியலூரில் கேட்டால் ஃபைல் பெரம்பலூரில் என்பார்கள். பெரம்பலூரில் கேட்டால் அரியலூருக்கு அனுப்பியாச்சு என்பார்கள். தனியாகப் போனால் ஊர் பேசும் என்று ஒவ்வொரு தடவையும் துணைக்கு என்னை அழைத்துப் போவாள். பள்ளிக்கூடத்துக்கு லீவும் பஸ்ஸில் ஜன்னலோரமும் கிடைத்ததால், ஃபைல் அகப்படவே கூடாது என்று வேண்டிக்கொள்வேன்.

ஒருநாள் அரியலூர் ஆபீசில் அகப்பட்டுவிட்டது. கண்ணாடி போட்ட அதிகாரி காகிதங்களைப் புரட்டினார்.

"வீட்டுக்காரர் விட்டுட்டுப் போயி எவ்வளவு நாளாச்சும்மா?"

"மூணு வருஷங்க சார்."

"அதுக்கப்புறம் வரவே இல்லியா?"

சித்தி முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நான் உதவிக்கு வந்தேன்.

"சித்தப்பா பொங்கலுக்கு வந்தாரே சார். மிக்சர் பொட்டலம் வாங்கிட்டு வந்தாரு."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். சித்தி என்னைக் கிள்ளப்போகிறாள் என்று கையை இழுத்துக்கொண்டேன். அவள் கிள்ளவில்லை. தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"வந்தாருங்க. அந்தப் பொம்பளையும் கூட வந்துச்சு. அவங்க புள்ளைக்குக் காது குத்துறாங்களாம். என் தோட்டைக் கேட்டாங்க. கழட்டிக் குடுத்துட்டேன்."

அதிகாரி பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

"உக்காருங்கம்மா. சீல் வச்சுத் தரச் சொல்றேன்."

பஸ்ஸில் ஏறியதும் சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். காரியத்தைக் கெடுத்துவிட்டோம் என்று நினைத்தேன்.

"நான் சொன்னதாலதான் தப்பா எழுதிட்டாங்களா சித்தி?"

"நீயே பாருடி" என்று காகிதத்தை நீட்டினாள்.

எழுத்துக்கூட்டிப் படித்தேன். சித்தியின் பெயர் சரியாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் 'கணவரால் கைவிடப்பட்டவர்' என்று இருந்தது. அதையும் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு சித்தி" என்றேன்.

அவள் இன்னும் குலுங்கி அழுதாள். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாத காகிதத்துக்காக ஒருவர் ஏன் அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவே இல்லை.