ரசகுல்லாவுக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது

சில வருடங்களுக்கு முன், கொல்கத்தாவில் ஹூக்ளி நதிக்கரையை ஒட்டிய எங்கள் ராணுவ முகாமில் நடந்தது இது. பயிற்சி முடித்துப் புதிதாக வந்து இறங்கிய சிப்பாய்களில் நானும் ஒருவன். மீசையைப் பார்த்தால் பெரிய வீரன் என்று தோன்றும். இந்தியில் எனக்கு உருப்படியாகப் பேசத் தெரிந்தது 'நஹி சாப்', அதாவது 'இல்லை ஐயா' மட்டும்தான்.

அதுவே போதுமானதாக இருந்தது. பயிற்சியில் உஸ்தாத் எதைச் சொல்லிக் கொடுத்தாலும் முடிவில் "கோயி ஷக்?" என்பார். ஏதாவது சந்தேகமா என்று அர்த்தம். புரிந்தவன், புரியாதவன், தூங்கியவன் எல்லோரும் சேர்ந்து "நஹி சாப்!" என்று கத்த வேண்டும். பாதிக்கு மேல் புரியாததால் என் குரல்தான் உரக்கக் கேட்கும். ஒருமுறை அவர் சிரித்த முகத்தோடு, யாருக்குக் களைப்பாக இருக்கிறது என்று கேட்டார். நம்பிக் கை தூக்கினேன். மற்றவர்கள் மர நிழலில் உட்கார, நான் மட்டும் மைதானத்தைச் சுற்றி ஓடினேன். அன்றிலிருந்து யாராவது அன்பாகப் பேசினாலே, இதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

இங்கே என்னவென்றால், கேப்டன் எங்களைப் புல்தரையில் உட்காரச் சொன்னார். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து ஊர் விசாரித்தார். ஆளுக்கொரு ரசகுல்லா வேறு. வெட்டப்போகிற ஆட்டுக்குத் தழை காட்டுகிறார் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனாலும் ரசகுல்லாவைச் சாப்பிட்டேன்; ஆடும் சாப்பிடத்தானே செய்கிறது?

நினைத்த மாதிரியே கேள்வி வந்தது. மறுநாள் ஆற்றில் படகுப் பயிற்சி. நீச்சல் தெரியாதவர்கள் தயங்காமல் சொல்லலாம், தண்டனை கிடையாது, முதலில் குளத்தில் கற்றுத்தருவோம் என்றார்.

எனக்கு நீச்சல் தெரியாது. எங்கள் விருதுநகர் பக்கம் கண்மாயில் முழங்காலளவு தண்ணீர் வந்தாலே ஊர் திரண்டு வேடிக்கை பார்க்கும். கை லேசாக எழுந்தது. பக்கத்தில் இருந்த என் ஜோடி தொடையில் கிள்ளினான். ராணுவத்தில் ஆளுக்கொரு ஜோடி உண்டு. ஒருவன் உயிருக்கு மற்றவன் பொறுப்பு. இவன் கன்னியாகுமரிக்காரன். கடலிலேயே பிறந்தவன் போலப் பேசுவான்.

"லேய் மக்களே, கையத் தூக்காத, கேட்டியா. பொங்கலுக்கு லீவு போயிரும்."

"நாளைக்கு முங்கிட்டேன்னா?"

"நான் எதுக்குல இருக்கேன்? பாறை வரைக்கும் நீந்திட்டு வந்துதான் டெய்லி காப்பியே குடிப்பேன்."

கை இறங்கிவிட்டது. மொத்தக் கூட்டத்திலும் ஒரு கை எழவில்லை. கேப்டன் கோபப்படவில்லை. அதுதான் என் சந்தேகத்தை இன்னும் கிளப்பியது. கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேள்வியை மாற்றினார். "உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டாம். உன் ஜோடிக்கு நீச்சல் தெரியுமா? அதைச் சொல்."

என் ஜோடி தன் பூட்ஸையே பார்த்தான். பிறகு மெல்ல, "இவனுக்குத் தெரியாது சாப்" என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆக, கிள்ளிக் கையை இறக்கியதும் இவன்தான், காட்டிக்கொடுத்ததும் இவன்தான்! கேப்டனும் இவனும் கூட்டுக் களவாணிகள்! அடுத்து என் முறை. கையிருப்பில் இருந்த இந்தியை எல்லாம் திரட்டி, "இவனுக்கும் தெரியாது சாப்! தண்ணீரைக் கண்டாலே நடுங்குவான்!" என்று பொய்யை அள்ளிவிட்டேன்.

துள்ளிக் குதித்து மறுப்பான் என்று பார்த்தால், தலையைக் குனிந்துகொண்டான். பிறகு என் காதருகே, "ஒனக்கு யாருல சொன்னா?" என்றான்.

அன்று மாலை குளத்தில் கேப்டனே இறங்கி நின்றார். எங்கள் கடல் சிங்கம் நெஞ்சளவுத் தண்ணீரில் அம்மிக்கல் மாதிரி உள்ளே போனது. கேப்டன் பனியனைப் பிடித்துத் தூக்கினார். கரையில் நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். மறுநாள் ஹூக்ளியில் என்னைக் காப்பாற்றுவதாக இருந்த ஆள் இவன்தான்! நீச்சல் பழகிய பிறகே எங்களைப் படகில் ஏற்றினார்கள். பொங்கல் லீவும் இருவருக்கும் கிடைத்தது.

இப்போது நான் பதவி உயர்ந்து நாயக். புதிதாக வரும் பையன்களை உட்காரவைத்து ரசகுல்லா கொடுக்கிறேன். அதே ஆட்டுப் பார்வையோடு வாங்கிக்கொள்கிறார்கள். நான் "கோயி ஷக்?" என்று கேட்பதில்லை; உன் ஜோடி எப்படி இருக்கிறான் என்று கேட்கிறேன். தனக்காக வாய் திறக்காதவன்கூட ஜோடிக்காக உண்மையைச் சொல்லிவிடுவான், என்னைப் போலப் பழிவாங்கும் ஆத்திரத்திலாவது.